நடு ஆட்டத்தில் விற்ற ஆள்

பேஸ்பால் மைதானத்தின் காலி நாற்காலிகளில் வெயில் காய்கிறது. கீழே, ஆட்டக்காரர்கள் உட்காரும் கூண்டில், அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் ஒகாண்டோவை மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடிக்கிறார்கள். நடு ஆட்டத்தில் கட்டிப்பிடித்தால் ஆளை வேறு அணிக்கு விற்றாயிற்று என்று அர்த்தம். இரும்பு வார்ப்பாலையில் வெந்து காய்த்த கைகளை இறுக்கியபடி எழுகிறாள் வாண்டா. "இவனையுமா? பதிலுக்கு யாருடா?" தம்பி ராய் செல்போனைப் பார்க்கிறான். "பொடிப்பயலுக ரெண்டு பேராம். நாலு வருசத்துல தேறிருவானுங்களாம்." "போன தடவையும் இதத்தான சொன்னான் அந்த டீம் முதலாளி நாயி!" மைதான ஊழியன் தயங்கியபடி வருகிறான். "அக்கா, முன்வரிசைக்கு வாங்களேன். டிவியில காலியாத் தெரியுதாம்." "அந்த முதலாளி பொண்டாட்டி புள்ளைய உக்கார வைக்கச் சொல்லு." சொன்னவள் சட்டென்று நிற்கிறாள். "இரு, வர்றேன்." தடதடவென்று இறங்கி, டிவி கேமரா பார்க்கிற இடத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒகாண்டோ தொப்பியைக் கழற்றி, இருக்கிற சொற்ப சனத்தைப் பார்த்து விடைபெறுவதுபோல் ஆட்டுகிறான். அவள் திரும்பவில்லை.