பணம் திரும்பாத அறை

"கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வர்ற ரூமையே போடறேம்மா. கொஞ்சம்தான் அதிகம்." மகள் கைப்பேசியில் கடற்கரை விடுதிகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"வேணாம்டி. பணம் திரும்ப வராத ரூமைப் போடு. அதான் மலிவு."

"போக முடியலைன்னா மொத்தமும் போயிடுமே!"

"வாயைக் கழுவு. அடுத்த மாசம், அஞ்சு நாள். கீழ்த்தளமாப் பாரு, அப்பாவால படி ஏற முடியாது. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியணும்."

"நம்மளை மூட்டைப்பூச்சி லாட்ஜ்லயே படுக்க வச்ச மகராஜனுக்கா இவ்வளவு சொகுசு?" மகள் சிரிக்கப் பார்த்தாள். "டிக்கெட் காசு வீணாயிடும்னு, பிடிக்காத சினிமாவைக்கூடக் கடைசிவரை பார்க்கிற மனுஷன்!"

"அதனாலதான் சொல்றேன். கட்டு."

மகள் கட்டினாள். எதிரே இருந்த கதவு திறந்தது.

"ஒருத்தர் மட்டும் வாங்க. ரெண்டே நிமிஷம்," என்றாள் நர்ஸ்.

பதினோரு நாளாகக் கண் திறக்காத கணவரின் காதருகே அம்மா குனிந்தாள்.

"என்னங்க, கடலோரமா ரூம் போட்டாச்சு. முழுப் பணமும் கட்டியாச்சு. நீங்க வரலைன்னா ஒரு பைசா திரும்பி வராது."