பூட்டிய வீட்டின் வரலாறு

ஒஹையோவில், ஒரு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தங்கும் சகோதரச் சங்கத்தின் கிளை வீட்டுக்குள் நுழைந்தார் வெர்னா. புதிதாகச் சேரும் மாணவன், வருகிறவர்களிடம் கிளையின் வரலாற்றை மனப்பாடமாக ஒப்பித்தாக வேண்டும். டிரெவர் தொடங்கினான்.

“தொண்ணூத்தி ஒண்ணுல பன்னெண்டு பேரு ஆரம்பிச்சது மேடம். அன்னைலேர்ந்து இந்த வீட்ல ஒரு சொட்டு பீர்கூடக் கிடையாது.”

“ஏனாம்?”

“அவங்க நல்ல மனசு மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணும் இல்ல. வெறும் பூட்டின வீடு.”

வெர்னா கைப்பையைத் திறந்து, அதே கிளையின், சட்டையில் குத்தும் சின்னத்தை அவன் உள்ளங்கையில் வைத்தார். அதில் 1986 என்றிருந்தது.

“யாரோடது மேடம்?”

“என் மகனோடது. சேர்ந்த அன்னிக்கே ஒரு பாட்டில் விஸ்கிய ஒரே மூச்சுல குடிக்க வெச்சாங்க. பிணவறையில இதைக் கழட்டிக் குடுத்தாங்க. வீட்டைப் பூட்டினது அதுக்கப்புறந்தான். இப்ப முதல்லேர்ந்து ஒப்பி, தம்பி.”