பத்தேகால்வரை

லுண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அது பழைய வழக்கம். தத்துவப் பேராசிரியை குனில்லா பத்துக்கே போய் உட்கார்ந்திருப்பாள். ஏலக்காய் பன்னும் ஃபிளாஸ்கில் காபியுமாகக் கணவர் தூரே வருவார். அவரை அடக்கம் செய்து இது மூன்றாவது குளிர்காலம். இன்னும் ஏன் வருகிறார் என்று அவள் கேட்டதில்லை. பத்தேகாலுக்கு அவர் எழுந்து போனபின், காலம் மனத்துக்குள்தான் இருக்கிறது என்ற ஞானிகளையும், கழிந்த கணம் எங்கும் போய்விடவில்லை என்றவர்களையும் மாணவர்களுக்கு நடத்துவாள்.

திங்கள் முதல் வகுப்புகள் பத்துக்கே தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஞாயிறு முழுக்க அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திங்களன்று பத்து மணிக்கு வகுப்பில் ஒரு மாணவரும் இல்லை. தூரே மட்டும் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடி, மொத்தப் பேரும் மட்டம் போட்டுட்டாங்களா?”

பத்தேகாலுக்கு அவர் போனார். உடனே மொத்த வகுப்பும் உள்ளே வந்தது.

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்றாள் குனில்லா.

“பத்துக்கே வந்துட்டோம்” என்றாள் முன்வரிசை மாணவி தோவா. “உள்ள உங்க வீட்டுக்காரரு பேசிட்டிருந்தாரு. அதான் எப்பவும்போல வெளியிலயே நின்னோம்.”

குனில்லா மிச்சமிருந்த பன்னை நீட்டினாள். தோவா வாங்கிக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து நன்றி சொன்னாள்.