தேங்காய்த் தொட்டில்

தொட்டிலில் இரண்டு தேங்காய்கள் ஆடிக்கொண்டிருந்தன. குழந்தை நுஸ்ரத்தின் மடியில் இருந்தது.

அடுத்த தெருவிலிருந்து வந்த அக்கா ஹஃபீஸா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி கூத்து இது?"

"சத்தம் போடாதே லாத்தா. புள்ள இப்பத்தான் பால் குடிக்க ஆரம்பிச்சிருக்கு."

"அது சரி. தேங்காய்க்கு எதுக்குடி தாலாட்டு?"

"வெறுந்தொட்டிலை ஆட்டினா புள்ளைக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆட்டாதேன்னு சொன்னேன். தேங்காயைப் போட்டு ஆட்டுன்னா சொன்னேன்?"

நுஸ்ரத் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்த கயிற்றை இழுத்தாள். தொட்டில் ஆடியது. தொட்டிலோடு கட்டிய நூல், மேசை மேலிருந்த மவுஸை இழுத்தது. சோப்புக்கட்டி அளவுகூட இல்லாத குட்டி வயர்லெஸ் மவுஸ். தொட்டில் திரும்பி வந்ததும், மறுபக்கம் மாட்டியிருந்த ரப்பர் பேண்ட் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது.

லேப்டாப் திரையில் அம்புக்குறி போனது, வந்தது. மூலையில் பச்சை விளக்கு.

புதுச்சேரிக் கம்பெனி ஒன்றின் வேலை. பிரான்சிலிருந்து வருகிற மருந்துச் சீட்டுகளைப் படித்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டும். கான்வென்ட் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு இப்போதுதான் உதவுகிறது. கண்ணுக்குத்தான் வேலை. பக்கம் நகர்த்த கீபோர்டில் ஒற்றை விரல் போதும்.

ஆனால் கம்பெனிக்கு மவுஸ்மேல்தான் நம்பிக்கை. ஐந்து நிமிடம் அது அசையாவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடும். 'வேலையில் இல்லை' என்று பெயருக்கு நேரே விழும். மூன்று எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு. ஏற்கெனவே வீட்டில் இருப்பவளை எங்கே அனுப்புவார்களோ!

நுஸ்ரத்துக்கு இரண்டு வந்தாயிற்று. இரண்டுமே பால் கொடுத்த நேரம்.

துபாயில் கணவன் அப்ராரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவனுக்கு வேறு வேலை கிடைக்கிறவரை இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும்.

"ஏண்டி, இது ஏமாத்து இல்லையா? ஹராம்டி."

"நான் படிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன் லாத்தா? காலையிலேருந்து தொண்ணூறு சீட்டு. ஒரு பிழை விடலை. படிக்கிறவ எதுக்குக் கையை ஆட்டணும்?"

"என்கிட்ட சொல்லி என்ன? உன் சார்கிட்ட சொல்லு."

அதற்கென்றே காத்திருந்ததுபோல லேப்டாப் மணியடித்தது. வீடியோ அழைப்பு. மேலதிகாரி தெட்சிணாமூர்த்தி சார்.

நுஸ்ரத் குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள். நூலை அவிழ்த்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஒரு சின்ன சந்தேகம்மா." அவர் முகம் ஒரு மூலைக்குப் போக, தன் திரையையே அவளுக்குக் காட்டினார். பெயர்ப் பட்டியல். அம்புக்குறி அவள் பெயர்மேல் வந்து நின்றது. "தினம் நாலு தடவை, இருபது இருபது நிமிஷம் உங்க மவுஸ் ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு கிளிக் கூட இல்லை. அது எப்படி?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் அத்தனை முறை முட்டி போட்டிருக்க மாட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பால், தொட்டில், நூல், ரப்பர் பேண்ட். தேங்காயை மட்டும் விட்டுவிட்டாள். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"சேச்சே! படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது? நானும் வீட்டிலேருந்துதான் வேலை பார்க்கிறேன். பட்டியல்ல முதல் பேரு யாருன்னு பாருங்க. நூத்துக்கு நூறு! ரெண்டு வருஷத்துல ஒரு நிமிஷம் மஞ்சள் எரிஞ்சிருக்கா? மனசாட்சின்னு ஒண்ணு வேணும்மா. மன்னிச்சுக்கோங்க, மூணாவது எச்சரிக்கையை இப்பவே..."

"சார், புள்ளைக்கு நாலு மாசம்தான் சார் ஆகுது..."

அவர் வீட்டு வாசலில் ஹாரன் அலறியது.

"சனிக்கிழமை ஆனா திருநள்ளாறுல குடியிருக்கவே முடியலை! கோயிலுக்கு வர்றவன்லாம் என் கேட்டை மறைச்சுத்தான் காரை விடுவான். இருங்கம்மா, வந்துடறேன்."

எழுந்திருக்கும்போதே மேசை மூலையில் எதையோ மாட்டினார். யோசிக்காமல் மாட்டுகிற, பழகிய கை.

நாற்காலி காலியானது. "எவன்டா அது!" என்ற சத்தம் மட்டும் வாசலிலிருந்து வந்தது.

பக்கத்தில் இருந்த மேசை ஃபேன் வலப்பக்கம் தலையைத் திருப்பியது. பட்டியல்மேல் அம்புக்குறி வலப்பக்கம் போனது. ஃபேன் இடப்பக்கம் திரும்பியது. அம்புக்குறியும் திரும்பியது.

ஹஃபீஸா எட்டிப் பார்த்தாள். "ஆளே இல்லை. யாருடி ஆட்டறா?"

நுஸ்ரத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்து சார் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார். பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது.

"எங்கே விட்டேன்? ஆங், மனசாட்சி..."

"சார், ஃபேனை ஒண்ணுல வைங்க," என்றாள் நுஸ்ரத் பணிவாக. "அம்பு ரொம்ப வேகமா ஓடுது. நாங்க தொட்டிலைக்கூட இப்படி ஆட்டறதில்லை."

அவர் ஃபேனைப் பார்த்தார். மவுஸைப் பார்த்தார். திரை அணைந்தது.

அன்று மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை. சாயங்காலம் அவரிடமிருந்து போனில் ஒரு செய்திதான் வந்தது.

"கரண்ட் போனா ஃபேன் நின்னுடுதும்மா. பேத்தியோட பழைய தொட்டிலை மாட்டியிருக்கேன். வெறுந்தொட்டிலை ஆட்ட என் சம்சாரம் விடமாட்டேங்கிறா. நீங்க உள்ளே என்ன வைக்கிறீங்க?"