ஆரஞ்சுக் கோட்டு ஜோடி

"அம்மாவைத் தேட வேண்டாம் சார். உங்க ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க," என்று அவள் போனில் கெஞ்சினாள்.

மறுமுனையில் இருந்த மீட்புப் படை அதிகாரிக்கு அது விளங்கவில்லை.

கவிழ்ந்த படகு கரை ஒதுங்கிவிட்டது. அப்பாவைப் பாறையிடுக்கிலிருந்து இழுத்துப் போட்டாயிற்று. மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை. மிச்சம் அம்மாதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வெள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் பெற்ற மகளே தேடாதே என்கிறாள்.

"அதிர்ச்சியில ஏதோ பேசுறம்மா நீ. பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா குடு."

பெரியவர்கள்.

பெரியவர்கள் இரண்டு பேர்தான் வேலையை உதறிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைச் சித்தி வீட்டில் தள்ளிவிட்டு, ஒரு வருடம் ஆறும் காடுமாகச் சுற்றக் கிளம்பினார்கள். ஒரே மாதிரி ஆரஞ்சு மழைக்கோட்டு வேறு வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத ஜோடி. காட்டுக்குப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம்.

சித்தி அன்றைக்கே வாசலில் வைத்து அக்காவிடம் சொன்னாள். "போங்க, போங்க. போறது ஒண்ணா, வர்றது தனித்தனியா. நான் பாக்கத்தானே போறேன்."

அந்த ஒரு பேச்சுதான் இத்தனைக்கும் காரணம்.

அவர்கள் அனுப்பும் வீடியோக்களை வெட்டி ஒட்டி இணையத்தில் போடுவது மகளின் வேலை. அப்பா துடுப்புப் போடுவார், அம்மா சிரிப்பாள், சூரியன் விழும், பின்னால் வயலின் அழும். கீழே ஊர் உலகமே வந்து உருகும். 'ஆரஞ்சுக் கோட்டு ஜோடி' என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்தக் கூட்டம்தான். 'அமைஞ்சா இப்படி ஒரு துணை அமையணும்' என்று எவளாவது தினம் எழுதுவாள். எழுதி முடித்துவிட்டுத் தன் புருஷனிடம் எரிந்து விழப் போவாளாக இருக்கும்.

பாதை ஆற்றை விட்டு விலகும் ஓரிடத்தில், தீப்பெட்டி நனைந்தது யாரால் என்று சண்டை வந்தது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. அப்பா படகை எடுத்துக்கொண்டு ஆற்றோடு போய்விட்டார். அம்மா பையை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்துவிட்டாள்.

தீப்பெட்டிக்காக.

அது மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால். அதற்கப்புறம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. இருவரும் மகளுக்குத் தனித்தனியாகப் போன் செய்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: சித்திக்கு மட்டும் தெரியக் கூடாது. அதில் மட்டும் என்ன ஒரு ஒற்றுமை.

அதனால் அவள் ஒட்டினாள்.

கோட்டை இருவரும் கழற்றாதது வசதியாகப் போயிற்று. மேகமூட்டமான ஆற்றை மேகமூட்டமான மலையோடு சேர்த்தாள். எங்கோ ஓர் ஆட்டைப் பார்த்து அம்மா சிரித்ததை, அப்பா சேற்றில் வழுக்கி விழுந்ததற்குப் பின்னால் வைத்தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சித்தி பெரிய டிவியில் போட்டுப் பார்த்து, "நல்லா நடிக்குதுங்க" என்பாள். அடுத்த வாரமும் முதல் ஆளாக உட்காருவாள்.

"நேத்து வந்ததை நாங்களும் பாத்தோம்மா," என்றார் அதிகாரி. "படகுக்குள்ள அவங்க குரல் கேக்குதே. 'பாத்து, பாறை, பாறை'ன்னு."

கேட்கும். வழுக்குப் பாறையில் இறங்கும்போது அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அதை எடுத்து அவள்தான் படகுக்குள் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

சித்தி கதவருகே வந்து நின்றாள். கையெல்லாம் சோப்பு நுரை.

அவளைப் பார்த்துக்கொண்டேதான் மகள் சொன்னாள். "அவங்க ஒண்ணா இல்ல சார். பிரிஞ்சு எத்தனையோ மாசம் ஆச்சு. படகுல அப்பா தனியாத்தான் போறாரு. வீடியோ நான் ஒட்டுனது."

சொல்லியாயிற்று. இனிச் சித்தி ஆரம்பிக்கட்டும். இதற்காகத்தானே வருடம் முழுக்கக் காத்திருந்தாள்.

சித்தி அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் பேசிய அதிகாரியின் குரலில் பழைய கனிவு இல்லை.

"என் ஆளு ஒருத்தன் இப்பதான் பாறையில மோதிக் காலை ஒடச்சிக்கிட்டான். தண்ணி ஏறிட்டே இருக்கு. நீ சொல்றத நம்பித்தான் மத்தவங்களை மேல ஏத்தணும். உங்கம்மா இப்ப எங்க இருக்காங்க, அதைச் சொல்லு."

அம்மாவின் போனை ஏற்கெனவே முயன்றாயிற்று, மலையில் எப்போதும் போல் கிடைக்கவில்லை. அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். அம்மா காலையில் அனுப்பிய குரல் செய்தி, கேட்கப்படாமல் கிடந்தது. அம்மாவின் செய்திகளை அவள் உடனே கேட்பதில்லை. எல்லாமே அப்பாவைப் பற்றிய புலம்பலாகத்தான் இருக்கும்.

அழுத்தினாள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் எங்கோ தண்ணீர்.

"பாதை ஆத்தங்கரைக்கே வந்துடுச்சுடி. அதோ, உங்கப்பா படகை அவுத்துட்டிருக்காரு. எளச்சுப் போயிட்டாரு. இன்னும் என்னைப் பாக்கல. போய் ஏறிக்கட்டுமா? நீ வேணாம்னு சொன்னா இப்படியே திரும்பிடறேன். சீக்கிரம் சொல்லு, தள்ளப் போறாரு."

செய்தி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அவள் அனுப்பிய பதில் எதுவும் இல்லை.

"லைன்ல இருக்கியா?" என்றார் அதிகாரி. "ஆளுங்களை ஏத்தட்டுமா, இன்னும் தேடச் சொல்லட்டுமா?"