நின்றுபோன ரம்பம்

இன்னும் ஒரு சாண் அறுத்தால் மரம் இரண்டாகிவிடும் என்ற இடத்தில் மெஷின் ரம்பம் திணறி நின்றது.

அல்கோத் ரீடெலின் முகத்தில் சிரிப்பு வந்தது. அவர் எதிர்பார்த்தது இதைத்தான்.

"உங்க வயசுக்கு இது போதும், பெரியப்பா" என்று அந்தச் சின்ன ரம்பத்தைக் கையில் திணித்தவன் மெஷின் கடை கிறிஸ்தர். போதாது என்று காட்டத்தான், புயல் சாய்த்த மரங்களிலேயே பருமனான ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேடி அதன்மேல் வைத்து அழுத்தினார்.

ரீடெல் வீட்டு மரம் இதுவரை வெளியார் மில்லுக்குப் போனதில்லை. சாய்ப்பதும் அவர்கள்தான், பலகை அறுப்பதும் அவர்கள்தான். பாதிக் காடு படுத்துவிட்ட இந்த வருஷமும் அது மாறாது. இரண்டு வேலைக்கும் ஈடுகொடுக்கும் ஒரே ரம்பம் அவருக்கு வேண்டும்.

"சரி, நீங்க சொன்னதுதான் சரி" என்றான் கிறிஸ்தர். "ராட்சசனையே எடுத்துக்குங்க. மிச்சத்தை எப்படி முடிக்குதுன்னு பாருங்க." பெரிய ரம்பத்தை எடுக்க வண்டிப் பக்கம் போனான்.

அல்கோத் காதுமூடியைக் கழற்றினார்.

யாரோ மெல்ல முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

மரத்தின் வேர்ப்பக்கம் இருந்து வந்தது. மரம் விழுந்தபோது வேரோடு பெயர்ந்த மண், வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால், மண் பெயர்ந்த குழி. பாட்டு அந்தக் குழியிலிருந்து வந்தது.

மைக்கென். அவருடைய மனைவி.

அறுக்கும் முன் வேரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட்டார். அப்போது குழி காலியாக இருந்தது. சத்தத்தில் அவள் வந்தது தெரியவில்லை. காற்றுக்கு ஒதுங்கிக் காபிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த மண்சுவரை நிமிர்த்திப் பிடித்திருப்பது கிடக்கும் மரத்தின் பாரம் மட்டும்தான். மரம் அறுந்தால் சுவர் வந்த வழியே திரும்பிக் குழியில் விழும்.

மிச்சம் ஒரு சாண்.

மரம் முனகியது. அறுத்த வாய் ஒரு நூல் அளவு விரிந்ததைக் கண்ணால் பார்த்தார்.

கூப்பிட வாயைத் திறந்தார்.

பின்னால் ராட்சசன் உறுமியது. கிறிஸ்தர் காதுமூடியோடு நேரே மரத்துக்கு வந்து, அறுத்த வாய்க்கு மேலே ரம்பத்தைத் தூக்கினான்.

அல்கோத் பாய்ந்து, சங்கிலியை நிறுத்தும் அதன் முன்தடுப்பைத் தட்டினார். சங்கிலி அவர் விரலுக்கு அரை அங்குலத்தில் நின்றது.

கிறிஸ்தர் வெளுத்துப்போய் மெஷினை அணைத்தான். "கை போயிருக்கும், பெரியப்பா. பைத்தியமா உங்களுக்கு?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. சத்தம் போட்டால் அவள் என்னவோ ஏதோ என்று நின்று யோசிப்பாள். கேள்வி கேட்பாள். தினமும் பேசுகிற குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

"மைக்கென், காபியை இந்தப் பக்கம் கொண்டா."

"இங்க காத்தே இல்ல, அல்கோத். நீங்க ரெண்டு பேரும் வாங்க. ரொட்டியெல்லாம் பிரிச்சு வச்சுட்டேன்."

மரம் மறுபடி முனகியது.

"நீ வா."

"மகாராஜா உத்தரவு" என்றாள் அவள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது. ஒன்று விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிகிறாள் என்று தெரிந்தது.

மண்சுவரின் ஓரத்தில் முதலில் அவளுடைய சிவப்புக் குல்லாய் தெரிந்தது. பிறகு தோள். பிறகு முழுதாக அவள், கூடையோடு.

அவர் கிறிஸ்தரைப் பார்த்துத் தலையசைத்தார். "முடி."

"நீங்க அறுக்கலையா?"

"முடின்னேன்."

பெரிய ரம்பம் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. மரம் வெடித்துப் பிரிந்தது. வேர்ச்சுவர் ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, பிறகு மொத்தமாகத் திரும்பி விழுந்தது. காலடியில் பூமி அதிர்ந்தது. மண்தூள் அடங்கியபோது அங்கே குழியே இல்லை.

"பாத்தீங்களா?" என்றான் கிறிஸ்தர், மூச்சு வாங்க. "இதுதான் மெஷின். பில் போட்டுடவா?"

அல்கோத் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் அது தளும்பியது.

"அந்தச் சின்னதைக் குடு."

"நின்னுபோச்சே, அதையா?"

"நின்னுபோச்சே. அதைத்தான்."

கிறிஸ்தர் அவருடைய கைகளைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டதாக அவன் நினைப்பது அவன் சிரிப்பில் தெரிந்தது. "வயசாச்சுன்னு ஒத்துக்கிட்டீங்க, பெரியப்பா. ரீடெல் வீட்டுல சின்ன ரம்பமான்னு சர்ச்சில எல்லாரும் கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

"இப்ப சொன்னியே, அதையே சொல்லு."

கிறிஸ்தர் விசிலடித்தபடி ரம்பத்தைத் துடைக்கப் போனான்.

மைக்கென் சிரிக்கவில்லை. அவள் எழுந்து, குழி இருந்த இடத்துக்கு நடந்தாள். மண்ணிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் உட்காரக் கொண்டுவந்த ஆட்டுத்தோல்.

குனிந்து இழுத்தாள். வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள்.

பிறகு திரும்பி அல்கோத்தைப் பார்த்தாள்.