ஒரே முறை போடும் சாவி

ஒரு விடுகதை. ஒரு பூட்டு. ஒரே ஒரு முறைதான் அதில் சாவி போடலாம். பொருந்துகிற சாவி உங்கள் மகளிடம் இருக்கிறது. கேட்டு வாங்குவீர்களா?

என்னோடு சிறையில் இருக்கும் டெல்மார் மாட்டேன் என்றான்.

லூசியானாவில் எங்கள் சிறை நூலகத்துக்கு நான்தான் வக்கீல். படித்த வக்கீல் இல்லை, நானும் கைதிதான். தண்டனை தவறு என்று ஃபெடரல் கோர்ட்டுக்கு ஆட்கொணர்வு மனு எழுதித் தருவேன். என் சொந்த மனுவில் பத்தொன்பது காரணங்கள் எழுதினேன். நீதிபதி ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஏனோ, அதற்குப் பிறகுதான் என்னிடம் கூட்டம்.

"என் பொண்ணு நோராவைப் பத்தின பக்கத்தை எடுத்துடுங்க, வக்கீலய்யா," என்றான் டெல்மார்.

"கடையில கொள்ளை நடந்த ராத்திரி நீ வீட்டுல இருந்ததைப் பார்த்தது உன் பொண்ணு மட்டும்தான். அவளைச் சாட்சிக்குக் கூப்பிடாதது அப்போ உனக்கு வாதாடின வக்கீலோட தப்புன்னு மாநிலக் கோர்ட்டு எல்லாத்துலயும் சொல்லிப் பார்த்தாச்சு, எடுபடலை. இந்த ஃபெடரல் மனுவுல விட்டா அவ்வளவுதான், அடுத்த மனுவுக்கு விடவே மாட்டாங்க. முட்டாளா நீ?"

"பத்து வயசு அவளுக்கு. கூண்டுல நிக்க வெச்சு, பொய் சொல்றியான்னு ஒருத்தன் மிரட்டுவான். வேணாம்."

"இங்கயே கிழவனாகப் போறியா?"

"உங்களுக்கும் துணை வேணும்ல?"

மனுவிலிருந்து அந்தப் பக்கத்தை உருவினேன். பிள்ளைக்காகச் சிறையிலேயே கிடக்கும் தகப்பன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நோரா அவனைப் பார்க்க வந்தாள். மறுநாள் டெல்மார் வந்தான்.

"அந்தப் பக்கத்தைத் திரும்ப வைங்க."

"அவகிட்ட கேட்டியா?"

"நான் எங்க கேட்டேன்? சிப்ஸ் தின்னுக்கிட்டே அவதான் கேட்டா. 'டாடி, எனக்குப் பல்வலின்னு நீ அன்னைக்கு ராத்திரி பூரா என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ மட்டும் ஏன் சொல்ல வேணாங்கிறே? நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறியா?'ன்னு."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அவளைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன், வக்கீலய்யா. அவ, நான் அவளை நம்பலைன்னு நினைச்சிருக்கா."

அலமாரியிலிருந்த சட்டப் புத்தகம் அத்தனையும் புரட்டியவன் நான். அந்தப் பிள்ளையையே கேட்டுவிடலாம் என்பது எதிலும் இல்லை.

"பயப்படலையா அவ?"

"பயமா இருக்கும்னுதான் சொன்னா."

பக்கத்தைத் திரும்ப வைத்தேன். கோர்ட்டில் கூப்பிட்டால் வருகிறேன் என்று நோரா சொல்லியிருக்கிறாள்.